புதுமாப்பிள்ளையின் மிச்சம்

"சர்க்கரை எனக்குத்தான், டாக்டரம்மா. அவளுக்கு இல்ல. சீட்டு மாறிப்போச்சு. நல்லாப் பாருங்க."

ஆலிக்கோயா இதோடு மூன்றாவது முறை சொல்லிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் ரம்யாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவள் பொறுமையாகக் காகிதத்தைத் திருப்பிப் பெயரைக் காட்டினாள். சைனபி, வயது நாற்பத்தொன்பது, குற்றிச்சிற. அதற்கு நேரே நானூற்றுப் பன்னிரண்டு என்று அச்சடித்திருந்தது.

"இது நேத்து வந்ததில்ல. அஞ்சாறு வருஷமாவது உள்ளேயே இருந்திருக்கும். இத்தன வருஷத்துல ஒரு தடவகூடவா ரத்தம் எடுத்துப் பாக்கல?"

பார்த்தோமே என்று சொல்ல ஆலிக்கோயா வாயைத் திறந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பார்த்ததும் உண்மைதான். ஆனால் பார்த்ததெல்லாம் அவருடைய ரத்தத்தை.

சைனபிக்கு இடது காலில் ஆணி குத்திப் பத்து நாளாகியிருந்தது. விறகுப் பலகையில் இருந்த ஆணி. குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலி இல்லாததால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பாதம் கறுத்துக் கணுக்கால் வரை வீங்கியிருந்தது.

"இன்னிக்கு ஊசி மருந்து ஏத்துறோம். நாளைக்குக் காலையில பாப்போம். விஷம் மேல ஏறியிருந்தா முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துடணும். கால் போனா உயிர் தங்கும்னுகூட என்னால உறுதியாச் சொல்ல முடியல. கிட்னியும் பாதிக்குமேல போயிருக்கு" என்றாள் டாக்டர்.

ஆலிக்கோயா எழுந்து வெளியே வந்தார். வயது ஐம்பத்தெட்டு, பின்னாலிருந்து பார்த்தால் நாற்பது என்பார்கள். தட்டையான வயிறு, நிமிர்ந்த நடை. அந்த உடம்பைப் பற்றி எட்டு வருஷமாக அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. வலியங்ஙாடியில் அரிசி மொத்தக் கடை. உட்கார்ந்த இடத்தில் வியாபாரம், படுத்த இடத்தில் தூக்கம். மத்தியானம் தன் அக்கா வீட்டில் சாப்பாடு, ராத்திரி பொண்டாட்டி வீட்டில் சாப்பாடு. குற்றிச்சிறக்காரர்களுக்கு அதுதான் வழக்கம். பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போவதில்லை; புருஷன்தான் சாயங்காலத் தொழுகை முடித்துப் பொண்ணு வீட்டுக்கு வருவான், காலையில் கிளம்பிவிடுவான். தினமும் வருகிற விருந்தாளி என்பதால் அவனுக்குப் பெயர் புய்யாப்பிள, அதாவது புதுமாப்பிள்ளை. தலை நரைத்தாலும் பேரன் பிறந்தாலும் புதுமாப்பிள்ளைதான். புதுமாப்பிள்ளைக்கு வைக்கிற மேசை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நெய்ப்பத்திரி, வறட்டிய இறைச்சி, வயிற்றுக்குள் முட்டை வைத்துப் பொரித்த கோழி, தேங்காய்ப்பால் மீன்கறி, கடைசியில் இனிப்புக்கு முட்டைமாலை. ஒரு நாள் இரண்டு நாளல்ல, வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும்.

அப்போதுதான் கடற்கரையில் காலை நடைக்கூட்டத்து ஆட்கள் ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவரின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முகாமுக்கு வந்திருந்த ஜேக்கப் டாக்டர் அவரை அண்ணன் முறை வைத்துத் தனியே அழைத்தார்.

"கோயாக்கா, நோய் இன்னும் உள்ள வரல. வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு நிக்குது. இப்ப நெனச்சீங்கன்னா அப்படியே திருப்பி அனுப்பிடலாம். நெய்யும் இனிப்பும் விடுங்க, ராத்திரிச் சாப்பாட்டப் பாதியாக்குங்க, தினமும் ஒரு மணி நேரம் நடங்க. மாத்திரையே வேணாம்."

ஆலிக்கோயா பயந்துபோனார். அவருடைய வாப்பா கண் தெரியாமல் மூன்று வருஷம் கிடந்து செத்தவர். அன்றைக்கே சைனபியிடம் வந்து சொன்னார்.

அவள் மறுநாளே அடுப்பை மாற்றினாள். ராத்திரி மேல்மாடத்தில் அந்த வீட்டுப் புதுமாப்பிள்ளைகள் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பொண்டாட்டி கொண்டுவந்து வைப்பாள். மற்ற மூவருக்கு முன்னாலும் தட்டு தட்டாக வந்து இறங்கியது. ஆலிக்கோயாவுக்கு முன்னால் ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சியும் முருங்கைக்கீரைப் பொரியலும் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மூத்த புதுமாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "என்ன கோயா, வீட்டுல ஆருக்காச்சும் பேதியா?"

மேல்மாடமே சிரித்தது. ஆலிக்கோயா கஞ்சியைத் தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"நீங்கதானே சொன்னீங்க?" என்று சைனபி கேட்டாள்.

"தின்ன மாட்டேன்னுதான் சொன்னேன். வெக்காதேன்னா சொன்னேன்? நாலு பேர் முன்னால என்னச் சீக்காளியாக்கிட்டே."

அதற்கு மறுநாளிலிருந்து மேசை பழையபடி நிறைந்தது. பத்திரி, கோழி, இறைச்சி, எல்லாம் வந்தது. நடுவே அவருடைய கஞ்சிக் கிண்ணமும் வந்தது. ஆலிக்கோயா ஒவ்வொரு தட்டையும் பார்ப்பார். மரியாதைக்கு ஒரு விள்ளல் கிள்ளி வாயில் வைப்பார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டுக் கஞ்சியைக் குடிப்பார். அதில் அவருக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது. நடைக்கூட்டத்தில் தினமும் இதுதான் பேச்சு.

"மூக்குக்கு நேரே கோழி நெய்யில மெதக்குது! நான் தொடல. மனசக் கட்டணும்யா, மனசக் கட்டணும்."

கூட்டத்துக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு அவரையே செயலாளர் ஆக்கினார்கள். ஒரு வருஷத்தில் எழுபத்தொரு கிலோவுக்கு வந்தார். சோதனைக் காகிதம் வரும் நாளெல்லாம் சைனபி அதை வாங்கிச் சத்தமாக வாசிப்பாள். "தொண்ணூத்தெட்டு! மாஷா அல்லா!" வாசித்துவிட்டு அலமாரியில் தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டுவாள்.

ஒருநாள் அவள் கேட்டாள். "நானும் நடக்க வரட்டா? மாடி ஏறுனா மூச்சு வாங்குது."

"அங்க எல்லாம் ஆம்பளைங்க. நீ வந்தா என்னக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க. நம்ம முத்தத்துலேயே நடயேன், எவ்வளவு பெருசா கெடக்கு."

சைனபி இரண்டு நாள் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். வீட்டுப் பிள்ளைகள் பின்னால் ரயில் மாதிரி கோத்துக்கொண்டு கூவிக்கொண்டே வந்தார்கள். மூன்றாம் நாள் அவள் நடக்கவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று ஆலிக்கோயா கேட்கவில்லை. அவள் நடந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சைனபியின் அக்கா மறியபி பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய வீட்டு அடுப்படி முழுக்க அவள் கையில்தான். சைனபியின் மகள் ஹஸ்னா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஆலிக்கோயாவுக்குக் கோபம் யார் மேல் வருவதென்று தெரியாமல் மறியபி மேல் வந்தது.

"அடுப்படில என்னதான் நடக்குது? எனக்குக் கஞ்சியக் குடுத்துட்டு அவளுக்கு என்னத்தப் போட்டு வளத்தீங்க? நானூறுங்கறா டாக்டர்!"

மறியபி தஸ்பீஹை மடியில் வைத்தாள். கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது நேராகப் பார்த்தாள்.

"நாங்க ஒண்ணும் போடல, புய்யாப்பிளே. நீங்க போட்டதுதான்."

"நானா?"

"உங்க மேசையிலேர்ந்து திரும்பி வர்றத ஆரு திம்பாங்கன்னு நெனச்சீங்க?"

எட்டு வருஷத்தில் ஒருநாளும் அவர் அதை நினைத்ததில்லை. தட்டு வரும், தட்டு போகும். எங்கே போகிறது என்று யார் பார்த்தார்கள்?

"வேலக்காரிக்குக் குடுத்தா புய்யாப்பிளைக்குக் கொறச்சல். பூனைக்குப் போட்டா படச்சவனுக்குப் பொறுக்காது. புய்யாப்பிள கை வெச்ச தட்டு பொண்டாட்டியோட பங்கு. எங்க உம்மாவும் தின்னாங்க, நானும் தின்னேன். எங்க புருஷன்மாரு முக்காலும் தின்னுட்டுத்தான் அனுப்புவாங்க, எங்களுக்குக் கால் வயிறு. உங்க தட்டுதான் அப்படியே முழுசாத் திரும்பி வரும். தெனம் மூணு ஆம்பளச் சாப்பாடு அவ தின்னா. நின்னுக்கிட்டே தின்னா, எடுத்து வெக்கிற அவசரத்துல."

"எனக்குத் தெரியாதே, இத்தாத்தா."

"அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

ஆலிக்கோயா அவளைத் தாண்டி அறைக்குள் போனார்.

உள்ளே சைனபி தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி, போர்வைக்கு வெளியே கட்டுப் போட்ட கால். முகம் உப்பியிருந்தது. அந்த முகம் இவ்வளவு பெருத்தது எப்போது? ஆலிக்கோயா அதை அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்தார். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டார்.

"எதுக்குடி தின்னே?"

அவளுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே இருந்த அக்காவின் பக்கம் கண்ணைக் காட்டினாள். "போட்டுக் குடுத்துட்டாளா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"நல்லாருந்துச்சு, தின்னேன். நான் செஞ்சதுதானே?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்தினாள். "மொதல்ல ரெண்டு மூணு மாசம் பசியே இல்லாமத்தான் தின்னேன். தொண்டையில நிக்கும். அப்புறம் பழகிப்போச்சு. பழகுனதுக்கு அப்புறம் அது இல்லேன்னா தூக்கம் வரல."

"வெக்காம இருந்திருக்கலாமே?"

"ஒருநா வெக்காம இருந்தேனே. மூணு நாள் எங்கூடப் பேசல நீங்க."

மூன்று நாள் பேசாமல் இருந்தது ஆலிக்கோயாவுக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

"நீங்க ஒரு விள்ளல் கிள்ளி எடுத்திருப்பீங்கல்ல, அந்த எடத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்" என்றாள் சைனபி. "இத்தாத்தா கேலி பண்ணும். புய்யாப்பிள ஒடம்புலேர்ந்து எறங்குறதெல்லாம் நேரா உம்மேல ஏறுதுடின்னு. நாங்க எல்லாரும் சிரிப்போம்."

"தாகமா இருந்திருக்கும், ராத்திரி பத்துத் தடவ எழுந்திரிச்சிருப்பே. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"எழுந்திரிச்சேன். நீங்க நல்லாத் தூங்குவீங்க. காலையில அஞ்சு மணிக்கு நடக்கப் போகணுமே, எழுப்புவானேன்னு விட்டுட்டேன்."

ஆலிக்கோயா தலை குனிந்துகொண்டார். சர்க்கரை வந்தால் தாகம் எடுக்கும், ராத்திரி எழுந்திருப்பார்கள், புண் ஆறாது, கால் மரத்துப்போகும் என்று நடைக்கூட்டத்துப் புது ஆட்களுக்கு அவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதெல்லாம் அத்தனை வருஷமும் அவருடைய கட்டிலிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கஞ்சி வந்தது. உப்பில்லாத கோதுமைக் கஞ்சி. ஆலிக்கோயா கிண்ணத்தை வாங்கிக் கரண்டியால் ஊட்டினார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் ஒருவருக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. பாதி அவள் கழுத்தில் வழிந்தது. நாலு கரண்டிக்கு மேல் அவளால் முடியவில்லை. போதும் என்று தலையை ஆட்டினாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அதே கரண்டியால் மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தார்.

"ஐயோ, வெச்சிடுங்க!" என்று சைனபி எழப் பார்த்தாள். "பொம்பள மிச்சத்த ஆம்பள திம்பானா? ஆராச்சும் பாத்தா எங்க வீட்டத்தான் சொல்லுவாங்க."

"பாக்கட்டும்."

"உப்பே இல்ல அதுல."

"இல்லதான்."

"அப்படி முழுங்காதீங்க, மென்னு தின்னுங்க. நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

அவர் மென்று தின்றார். கண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. சைனபி ஊசி ஏறாத கையை நீட்டி அவருடைய முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.

மறுநாள் காலையில் விஷம் ஏறியிருந்தது. காலை எடுத்தார்கள். அதற்கும் பிறகு நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் விடிந்ததும் மூச்சு அடங்கிவிட்டது.

நாற்பதாம் நாள் முடிந்ததும் ஆலிக்கோயா அந்த வீட்டிலிருந்து கிளம்பினார். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் பொண்டாட்டி இல்லாத வீட்டில் புதுமாப்பிள்ளைக்கு என்ன வேலை? அவர்கள் படுத்த அறை அந்த வீட்டுப் பொண்ணுடையது. அடுத்து கல்யாணமாகப் போகிற பொண்ணுக்கு அதை வெள்ளையடிக்க வேண்டும். இரண்டு பையில் துணி அடங்கிவிட்டது. அலமாரியைத் திறந்த ஹஸ்னா உள்ளிருந்த சோதனைக் காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள். முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் ஆலிக்கோயா, ஆலிக்கோயா என்றே எழுதியிருந்தது. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா வீட்டில் முதல் நாள் ராத்திரி அக்கா கேட்டாள். "அந்தக் கஞ்சி எப்படித் தம்பி வெப்பா சைனபி? சொல்லு, அதே மாதிரி வெச்சுத் தர்றேன்."

எட்டு வருஷம் குடித்த கஞ்சி. கோதுமையை ஊறவைப்பாளா, வறுப்பாளா, பூண்டு எப்போது போடுவாள், ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. எதுவானாலும் வை என்றார். அக்கா வைத்தது வேறு மாதிரி இருந்தது. குடித்துவிட்டுப் படுத்தார். நடைக்கூட்டத்துக்கு அதன் பிறகு அவர் போகவில்லை. செயலாளரே, வாருங்கள் என்று இரண்டு தடவை வீடு தேடி வந்தார்கள். படுத்த இடத்திலிருந்தே கையை மட்டும் ஆட்டினார்.

மூன்று மாதச் சோதனைக்கு நாள் வந்தது. வேண்டாம் என்றவரை ஹஸ்னா கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஜேக்கப் டாக்டரிடம் கூட்டிப்போனாள். உம்மாவும் இல்லை, வாப்பாவையும் இழக்க என்னால் முடியாது என்று அவள் வழியெல்லாம் அழுதாள். போன கையோடு முதல் காரியமாக அவளுடைய ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார் ஆலிக்கோயா. தன் ரத்தத்தைக் கொடுத்த பிறகு அவளை ஊசி குத்தும் அறைக்கு அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு ஆள், நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும், முகமெல்லாம் கவலையாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி, மடியில் சாப்பாட்டுப் பையும் குடையுமாக. கனத்த உடம்பு. மாடி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

ஜேக்கப் டாக்டர் காகிதத்தோடு தானே வெளியே வந்தார். சைனபி போன விஷயம் அவருக்குத் தெரியாது. கோயாக்காவைப் பார்த்ததும் வழக்கமான சந்தோஷம்தான்.

"தொண்ணூத்தாறு! கோயாக்கா, நீங்க எனக்கு நல்ல பேரு வாங்கித் தர்றீங்க." பக்கத்திலிருந்தவனின் தோளைத் தட்டினார். "தம்பி, உங்களுக்கு இப்ப வந்ததுதான் இவருக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால வந்துச்சு. ஒரு மாத்திர முழுங்கல. எப்படின்னு இவருகிட்டயே கேளுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஆள் ஆவலாகத் திரும்பினான். "எப்படிக் கோயாக்கா செஞ்சீங்க?"

இந்தக் கேள்விக்கு ஆலிக்கோயாவிடம் தயாராக ஒரு பதில் உண்டு. எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"எனக்கு வெச்சதையெல்லாம் எம் பொண்டாட்டி தின்னுட்டா" என்றார்.

வேடிக்கை பேசுகிறார் என்று அந்த ஆள் சிரித்தான். அவன் பொண்டாட்டியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுலயும் அதே கததான். இவருக்கு இன்னிக்கு ரொட்டி போட்டுக் குடுத்தேன். நேத்து செஞ்ச பாயசம் அப்படியே கெடந்துச்சு, கொட்ட மனசு வரல."

ஆலிக்கோயா அவளைப் பார்த்தார். "உங்களுக்கு ரத்தம் பாத்தாச்சா, மோளே?"

"எனக்கா?" அவளுக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது. "எனக்கென்ன கேடு? நான் இவருக்குத் துணைக்கு வந்தேன்."

அதற்கு மேல் ஆலிக்கோயாவால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில், நல்ல சேதி எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். அந்தப் பெண் பதறிப்போய்த் தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "மொதல்ல நீ போய்ப் பாரு, மோளே, இவருக்கு முன்னால நீ போய்ப் பாரு" என்று அவர் அழுகைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தார்.